பிரிபடாத பங்கு

“மூத்த மகன் செத்தது தகப்பனுக்கு முந்தியா, பிந்தியா?”

பிறக்கிராசியார் இதைக் கேட்டபோது அவருடைய பேனை முனை கடதாசிக்குச் சற்று மேலே காத்து நின்றது. வாசல் பலகையில் சட்டத்தரணி என்று எழுதியிருந்தாலும் எங்கள் ஆட்களுக்கு அவர் பிறக்கிராசியார்தான். வயதானவர். இழுப்புக்காரர். ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் இடையில் மூச்சுக்காக நிற்பவர். கேள்வியில் குரூரம் எதுவும் இல்லை. மழைக்கு முந்தி விதைத்தாயா, பிந்தி விதைத்தாயா என்று வயல்காரனிடம் கேட்கிற குரல்தான்.

அம்மா கதிரையின் நுனியில் இருந்தாள். வெள்ளைச் சேலை அவளுக்கு இன்னும் பழகவில்லை. வேறொருத்தியின் உடுப்பை இரவல் வாங்கி உடுத்தவளைப்போல அடிக்கடி அதன் தலைப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

“ஆர் செத்தது?” என்றாள்.

பிறக்கிராசியார் என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன். அவருடைய கந்தோர் மட்டக்களப்பு நகரத்தில் வாவியைப் பார்த்தபடி இருந்தது. வெளியே ஒருவன் தோணியில் நின்று வீச்சுவலையை எறிந்தான். வலை விரிந்து வட்டமாகி, தண்ணீரைத் தொட்டு, காணாமல் போயிற்று. காணாமல் போவது. எங்களுடைய காலத்தில் அந்தச் சொல்லைத் தொடாமல் எதையும் பார்க்க முடியவில்லை.

நாங்கள் அங்கே போனது அப்பாவின் காரியத்துக்காக.

அப்பா அந்த மாரிக்கு முந்திச் செத்துப்போனார். நெஞ்சுநோ. ஆரையம்பதியில் வலைக்கடை வைத்திருந்தவர். நூல், ஈயம், மிதவைக்கட்டை, தூண்டில், தாங்கு கயிறு எல்லாம் விற்றவர். கடையைப் பூட்டிவிட்டு வந்து, தண்ணி குடித்து, தன்னுடைய கட்டிலில் சரிந்து படுத்தவர் எழும்பவில்லை. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் வெற்றிலையைச் சப்பிக்கொண்டு, “குடுத்துவைச்ச மனிசன்” என்றார்கள். அதில் பொறாமையே இருந்தது. உடம்பு இருந்தது. குளிப்பாட்ட முகம் இருந்தது. பறைமேளம் இருந்தது, கொள்ளிவைக்க நான் இருந்தேன், ஊர் அதிகாரி விதானையாரின் கடிதத்தோடு போனபோது இறப்புச் சான்றிதழும் கிடைத்தது. துவக்குகளுக்கு நடுவில் ஒரு மனிதன் சும்மா நோய்வந்து சாவதும், அந்தச் சாவுக்கு ஒரு கடதாசி கிடைப்பதும் அப்போது பெரிய பாக்கியம்.

அண்ணனுக்கு அது கிடைக்கவில்லை.

அப்பா சாவதற்குச் சில வருசங்களுக்கு முந்தி, ஒரு வெள்ளாப்பில், விடியுமுன்னே, ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்களைப் பள்ளிக்கூட விளையாட்டுத் திடலில் இருத்தினார்கள். நான் திரும்பி வந்தேன். அண்ணன் வரவில்லை. ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றார்கள், பின்னேரம் விட்டுவிட்டார்கள் என்றார்கள், சந்தியில் கண்டோம் என்றார்கள், வாவிக்கு அந்தப்பக்கம் போய்விட்டான் என்றார்கள். ஆளுக்கொரு கதை. அம்மா எல்லாக் கதைகளையும் நம்பினாள். அவள் நம்பாதது ஒன்றே ஒன்றைத்தான்.

இனி வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாம் அந்த வீட்டில்தான் வந்து நின்றது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும். தாய்க்குப் பிறகு மகள். கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து இருப்பான். ஆணின் பெயரில் வீடு இருப்பது ஆணின் கழுத்தில் தாலி தொங்குவதுபோல. அம்மாவுக்குச் சீதனமாய் வந்த வீடு முதல் கலவரத்தில் எரிந்துபோனது. நாங்கள் அகதியாய்ப் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அப்பா வாவிக்கரையை ஒட்டி ஒரு வளவு வாங்கினார். காணி உறுதி எழுதிய நாளில், அப்பா நகரத்துக்குப் போன பிறகு பாதையை மூடிவிட்டார்கள், அம்மாவால் கையெழுத்து வைக்க வரமுடியவில்லை. ‘பிறகு மாத்துவம்’ என்று தன்னுடைய பெயரிலேயே எழுதிவிட்டார். அந்தப் பிறகு வரவேயில்லை. அண்ணன் சீமெந்துக் கல் அரிந்தான். முற்றத்தில் அச்சை வைத்து, வாவி மணலையும் சீமெந்தையும் குழைத்து, ஒவ்வொரு கல்லாய் அவனே அரிந்து, அவனே வெயிலில் அடுக்கினான். வீடு எழும்பியபோது ஊரில் பகிடி பண்ணினார்கள்: “பொஞ்சாதிக்குச் சீதனம் குடுத்த ஒரே ஆம்பிளை இவர்தான்!” அப்பா அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு இன்னும் ஒரு ஓலையைக் கட்டினார்.

இப்போது தங்கச்சிக்குக் கலியாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை வாவிக்கு அக்கரையில், பழுகாமத்தில் வாத்தியார். அப்பா இருக்கும்போதே பேசி, வெற்றிலை மாறி, கலியாணத்தோடு வீட்டை மகளுக்கு எழுதுவது என்று முடிவாகியிருந்தது. எழுதுவதற்குள் அவர் போய்விட்டார். செத்தவர் கையெழுத்து வைக்கமாட்டார். வீடு செத்தவரின் பெயரில் அப்படியே நின்றது.

“பெரிய வேலை ஒண்டுமில்ல” என்று பிறக்கிராசியார் அன்றைக்குத் தொடங்கும்போது சொல்லியிருந்தார். “மனிசர் ஒரு மரணசாதனம் எழுதிவைச்சிட்டுச் செத்தா, அதக் கோட்டில நிரூபிச்சு, புறொபேற் எடுக்கிற. ஒண்டும் எழுதாமச் செத்தா நிர்வாகக் கடிதம் எடுக்கிற. உங்கட மனிசன் எழுதயில்ல. ஆகவே நீங்க, பொஞ்சாதி, மனுப் போடவேணும். செத்தவர்ட ஆதனத்த நிர்வகிக்கிற அதிகாரத்தக் கோடு உங்களுக்குத் தரும். மறுகாத்தான் நீங்க மகளுக்கு எழுதலாம்.”

எங்கள் பேச்சில் கோடு என்றால் நீதிமன்றம். கோடு என்றால் கீறுகிற கோடும்தான். சின்ன வயதில் இரண்டும் ஒன்றென்றே நினைத்திருந்தேன்: யாரோ ஒரு கோடு கீறி, இந்தப்பக்கம் நீ, அந்தப்பக்கம் அவன் என்று சொல்கிற இடம்.

அந்தச் சொல் கேட்டதும் அம்மா குறுக்கிட்டாள். “எந்தக் கோடு ஐயா?”

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. அண்ணனைத் தேடிய நாட்களில் அவள் கோட்டு வளவின் வாசலில் நிறைய நின்றிருக்கிறாள். பிடித்த பொடியன்களை நீதவான் முன்னால் கொண்டுவருவார்கள் என்று கேள்விப்பட்டு, வாகனம் வரும்போதெல்லாம் ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தவள். கோடு என்றால் அவளுக்கு அந்த வாகனத்தின் பின்கதவு.

“அது நீதவான் கோடு. குற்றம், பிணை, மரண விசாரணை அங்க. செத்தவர்ட சொத்துக் காரியம் மாவட்டக் கோட்டில. செத்தவர் கடைசியா எங்க குடியிருந்தாரோ, அந்த எல்லையில இருக்கிற மாவட்டக் கோடு. ஒரே வளவுதான், வாசல் வேற. அங்க ஆரையும் விலங்கு போட்டுக் கொண்டுவாறல்ல, பயப்பிடாதீங்க. அங்க வாறவங்க காணி, பணம், கலியாணம் எண்டு தங்களுக்குள்ளயே கடிபடுகிற ஆக்கள்.”

அம்மா லேசாகச் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் அவர் பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டு எழுதினார், அண்ணனின் பெயரில் வந்து நின்றார், முந்தியா பிந்தியா என்று கேட்டார்.

‘ஆர் செத்தது’ என்று அம்மா கேட்டதும் அவர் பேனையைக் கீழே வைத்தார். மூச்சை எடுத்துக்கொண்டு, எனக்குச் சொல்வதுபோல அவளுக்குச் சொன்னார். “தம்பி, செத்தவர்ட பாதி பொஞ்சாதிக்கு. மற்றப் பாதி பிள்ளையளுக்குச் சமனா. மூண்டு பிள்ளையள் எண்டா ஆளுக்கு ஆறிலொரு பங்கு. மூத்தவர் தகப்பனுக்கு முந்திச் செத்திருந்தா அவருக்குப் பங்கு வராது, அவர் கலியாணம் முடிக்கயில்லத்தானே. பிந்திச் செத்திருந்தா பங்கு வந்து, மறுகா அவர்ட பங்குக்கும் வேற ஒரு மனு. அதனாலதான் கேக்கிறன். இவ்வளவு வருசம் ஒரு தகவலும் இல்லாதவரைச் செத்தவராக் கொள்ளச் சட்டத்தில இடமிரிக்கு. விதானையார்ட ஒரு கடிதம் எடுத்து, ஒரு சத்தியக்கடதாசி முடிச்சாச் சான்றிதழ் வரும். கன பேர் எடுத்திரிக்காங்க. அதுதான் கிட்டப் பாதை.”

அம்மா எழும்பினாள். போய்வாறன் என்றுகூடச் சொல்லவில்லை.

கல்லடிப் பாலத்தடியில் வழக்கம்போல பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கினார்கள். பைகளைத் திறந்து காட்டி, அடையாள அட்டையை நீட்டி, பாலத்தை நடந்து கடக்கவேண்டும். காற்று அம்மாவின் தலைப்பைப் பிடுங்கியது. பாலத்தின் நடுவில் நின்றாள்.

“முந்தியா பிந்தியா எண்டு கேக்கிறார் மனே. பெத்தது எப்ப எண்டு கேக்கச் சொல்லு. மணித்தியாலத்தோட சொல்லுவன்.”

வீட்டில் தங்கச்சி தையல் மெசினில் இருந்தாள். அயலில் யாரோ ஒருவரின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சட்டை. நான் நடந்ததைச் சொன்னேன். கால் மிதித்தபடியே கேட்டாள். அம்மா குசினிக்குள் பானையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“எழுதித் தாங்களன்” என்றாள் தங்கச்சி. யாரையும் பார்க்காமல், ஊசியைப் பார்த்தே சொன்னாள்.

பானைச் சத்தம் நின்றது. “என்னத்த?”

“கடதாசிதானே. கடதாசியில எழுதினாப்போல பெரியண்ணா செத்திருவாரா? வந்தா, அதக் கிழிச்சுப் போட்டாச் சரி.”

“உனக்கு வீடு வேணும். அதுக்கு என்ட புள்ளையச் சாகக்குடுக்கச் சொல்றாய்.”

மெசின் நின்றது. “நானும் உங்கட புள்ளதான். உயிரோட இரிக்கிறவளையும் ஒருக்காக் கிறுகிப் பாருங்கம்மா. வடக்கறையப் பூட்டி வைச்சிரிக்கிங்க. அப்பா பேசின என்ட கலியாணம், அப்பா குடுத்த வாக்கு, எல்லாத்தையும் அதுக்குள்ளயே போட்டுப் பூட்டுங்க. என்னையும் போட்டுப் பூட்டுங்க.”

வடக்கறை அண்ணனுடையது. அவன் போன நாளிலிருந்து அம்மா அதைப் பூட்டி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் திறந்து, கூட்டி, தண்ணி தெளித்து, மறுபடி பூட்டுவாள். கட்டில், ஆணியில் அவன் கழற்றிப் போட்ட ஒரு சேட்டு, மூலையில் கல் அரிந்த அச்சு. தங்கச்சியும் அம்மாவும் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தார்கள்.

இரண்டுபேரிலும் பிழை இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. யார் பக்கம் நின்று பேசினாலும் மற்றவளை ஓங்கி அடித்ததுபோல இருந்தது. நான் வாவிக்கரைக்குப் போய் நின்றேன். அக்கரையில் பழுகாமப் பக்கம் பச்சையாய்த் தெரிந்தது. அந்தக் கரையில் இயக்கத்தின் ஆட்சி, இந்தக் கரையில் ஆமியின் ஆட்சி. நடுவில் கிடந்த தண்ணீர் யாருடையது என்று மீனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. காற்று ஒரு கோட்டைக் கீறும், அடுத்த காற்று அதை அழிக்கும்.

பிறகு ஒருநாள் காலையில் அம்மா தானாகவே உடுத்திக்கொண்டு வந்து, “பிறக்கிராசியாரிட்டப் போவம்” என்றாள். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போனோம்.

கந்தோரில் கதிரையில் இருந்ததும் இருக்காததுமாய்க் கேட்டாள்: “ஐயா, அவன் சாகல்ல எண்டு எழுதினா என்ன செய்யும் கோடு?”

பிறக்கிராசியார் கண்ணாடியைக் கழற்றினார். “ஒண்டும் செய்யாது. உயிரோட இரிக்கிற வாரிசாப் போடுவம். உங்கட மனுவில பிள்ளையள் மூண்டுபேரையும் எதிர்மனுதாரராக் காட்டுவம்.”

“எதிர்…?”

“எதிர்மனுதாரர்.”

அம்மாவின் முகம் சுருங்கியது. “என்ட புள்ளையள் எனக்கு எதிரியா ஐயா? என்னத்துக்கு அப்பிடி எழுதிற? அவங்க என்ன செய்தவங்க எனக்கு?”

“அது கோட்டுப் பாஷை புள்ள. பேர்தான் அப்பிடி. ஒரு மனுவெண்டா அதுக்கு எதிர்ல ஆரும் நிக்கவேணும்.”

“நான் எதிரிதான், எழுதுங்க ஐயா” என்றாள் தங்கச்சி. “வீட்டில நாங்க இரண்டுபேரும் இப்ப அப்பிடித்தான்.”

பிறக்கிராசியாருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, பக்கத்து மேசையில் தட்டச்சு அடித்துக்கொண்டிருந்த பறங்கிப் பெண் எழுந்து வந்து தண்ணி கொடுத்தாள். அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவும் தங்கச்சியும் ஒரே விசயத்துக்குச் சிரித்து அப்போது கனகாலமாகியிருந்தது.

“அப்ப அவன் முதலாமாள்” என்றாள் அம்மா. “மூத்தவன்தானே. முதலாம் எதிரி.”

பெயர்கள் அந்த ஒழுங்கில் ஏறின. முதலாம் எதிர்மனுதாரர் அண்ணன். நான் இரண்டாம். தங்கச்சி மூன்றாம். எங்கள் இரண்டுபேருக்கும் ஆட்சேபனை இல்லை என்று அங்கேயே கையெழுத்து வைத்தோம். அண்ணனுக்கு மட்டும் கோடு அறிவித்தல் அனுப்பவேண்டும், பத்திரிகையிலும் போடவேண்டும். அவர் எச்சரித்தார்: “இது சுத்துப் பாதை. நாள் எடுக்கும். கடைசியில வீடு முழுக்க மகள்ட பேருக்கு வராது. அவர்ட பங்கு அப்பிடியே நிக்கும். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஓமெண்டுவாங்களா எண்டு கேட்டுக்கொள்ளுங்க.”

தங்கச்சியின் சிரிப்பு நின்றது. அம்மா அதைக் கண்டாள்.

நாள் எடுத்தது. வழக்குக்கு நாள் குறித்த ஒரு தவணைக்கு ஹர்த்தால். ஒரு தவணைக்குப் பாலம் மூடியிருந்தது. ஒரு தவணைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தோம், நீதிபதி வரமுடியவில்லை. நடுவில் ஒருநாள் தபால்காரர் படலைக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வராமல் நின்றார். எங்களுடைய வீட்டுக் கதை எல்லாம் தெரிந்தவர். கையில் பதிவுத் தபால். அதில் அண்ணனின் பெயர்.

“அக்கே…” என்று இழுத்தார். “இது… கையெழுத்து வைக்கவேணும். பேருக்குரிய ஆள் வைக்கவேணும்.”

“வெளிய போயிட்டான் தம்பி. நான் வைக்கிறன்.”

அவர் கொஞ்சநேரம் சைக்கிள் மணியைத் துடைத்தார். பிறகு பேனையை நீட்டினார். “ஓம் அக்கே. வந்தாக் குடுங்க.”

அம்மா அந்தக் கடிதத்தைத் திறக்கவில்லை. வடக்கறையைத் திறந்து, கட்டில் தலைமாட்டில் வைத்தாள். அண்ணன் போனதிலிருந்து அவனுடைய பெயருக்கு வீட்டுக்கு வந்த முதல் கடிதம் அது. அனுப்பியது யார், எதற்கு என்பதெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. அரசாங்க முத்திரையோடு, வீட்டு விலாசத்தோடு, அவன் இங்கே இருக்கிறான் என்று யாரோ நம்பி அனுப்பியிருக்கிறார்கள்.

வழக்கு எடுத்த நாளில் மாவட்டக் கோட்டின் உள்ளே மின்விசிறி சுற்றவில்லை. நீள வாங்குகளில் இருந்த காணி வழக்குக்காரர் உறுதிகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தார்கள். எங்கள் இலக்கம் வந்தது. சேவகர் வாசலுக்குப் போய் நின்று, வெளியே விறாந்தைக்கும் மரநிழலுக்கும் கேட்கும்படி, அண்ணனின் பெயரைக் கூப்பிட்டார். முன்னால் அப்பாவின் பெயர், பின்னால் அவனுடைய பெயர். முழுப்பெயர்.

அந்த வருசங்களில் ஒரு ஆணின் பெயரைச் சத்தமாய்க் கூப்பிட்டால் உடம்பு விறைக்கும். திடலில் இருத்தி வைத்துப் பெயர் கூப்பிட்ட வெள்ளாப்புகள் எல்லாருக்கும் நினைவிருந்தன. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சேவகர் இரண்டாம் முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிட்டார். வாகை மரத்தில் காகம் கத்தியது.

அம்மா எழும்பினாள். பிறக்கிராசியார் கையால் இருக்கச் சொன்னார். அவள் இருக்கவில்லை.

“வெளிய போயிட்டான் ஐயா. இன்னும் வரல்ல.”

நீதிபதி தாள்களிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பிறக்கிராசியார் எழுந்து, குரலைத் தாழ்த்தி, இரண்டு வசனம் சொன்னார். நீதிபதி கேட்டுக்கொண்டு, மறுபடி அம்மாவைப் பார்த்து, “இருங்கள் அம்மா” என்றார். பிறகு எழுதுவினைஞருக்குச் சொன்னார்: “முதலாம் எதிர்மனுதாரர் சமுகமில்லை.”

சமுகமில்லை. சட்டத்தின் சொற்களோடு எனக்கு எப்போதும் பகைதான். ஆனால் அந்தச் சொல்லை நான் நெடுங்காலம் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தேன். காலஞ்சென்றவர் என்று அது சொல்லவில்லை. காணாமல் போனவர் என்றும் சொல்லவில்லை. இப்போது, இந்த அறையில், இல்லை. அவ்வளவுதான். அதற்கு மேல் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை என்று ஒப்புக்கொண்ட சொல்.

யாரும் ஆட்சேபிக்கவில்லை. நிர்வாகக் கடிதத்தை அம்மாவுக்குக் கொடுக்கும்படி கட்டளையாயிற்று. வெளியே வந்து வாகை நிழலில் செருப்பைத் தேடியபடி அம்மா சொன்னாள்: “அவன்ட அப்பாட பேரையும் சேத்துக் கூப்பிட்டாங்க, கண்டியா. தகப்பனையும் மகனையும் ஒண்டாக் கூப்பிட்டாங்க.”

ஆனால் மாப்பிள்ளை வீடு இன்னும் இருந்தது.

மாப்பிள்ளையின் தாய் துறைக்கு வந்து, ஓடத்தில் வாவியைக் கடந்து, பஸ் மாறி, ஒரு முற்பகலில் வந்து சேர்ந்தாள். உயரமான மனுசி. நெல்லும் தயிர்ச்சட்டியும் கொண்டுவந்திருந்தாள். தங்கச்சி தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் குசினிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். அவளுடைய கால்விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அம்மா எதையும் மறைக்கவில்லை. வீடு முழுவதும் எழுத முடியாது, மூத்தவனின் பங்கு ஒன்று நிற்கும் என்றாள்.

வந்தவள் சுவரைப் பார்த்தாள், முகட்டைப் பார்த்தாள், பூட்டிய வடக்கறைக் கதவைப் பார்த்தாள்.

“மச்சாள், கேக்கிறனெண்டு குறை நினையாதீங்க. நாளைக்குப் பங்குக்காரன் வந்தா?”

“வந்தா?” அம்மாவுக்கு அந்தச் சொல்லே போதுமாயிருந்தது. முகம் விரிந்தது. “வந்தா உங்கட மகனுக்கு மச்சான். இரண்டுபேரும் இருந்து வெத்திலை போடட்டும். பங்கு வேணுமெண்டு சண்டை பிடிக்கட்டும். அந்தச் சண்டையப் பாக்கிறதுக்குத்தானே மச்சாள் நான் உயிரோட இரிக்கன்.”

மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். தலைப்பால் வாயைத் துடைக்கிறாளா கண்ணைத் துடைக்கிறாளா என்று தெரியவில்லை.

“சரி. வரட்டும். வந்தா என்ட மகனுக்கும் ஒரு துணை. ஊர்விட்டு ஊர் வாறவன், பாவம், ஒரு தனியாள்” என்றாள். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, “அங்க நிண்டு ஒட்டுக்கேக்கிறவள் வந்து இந்தத் தயிரக் கொண்டு உள்ள வையன்கா, புளிச்சிரும்” என்றாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து தங்கச்சி சிரித்த சத்தம் கேட்டது. சிரிப்பில் பாதி அழுகை.

உறுதி எழுதிய நாளில் பிறக்கிராசியார் நொத்தாரிசாகவும் இருந்தார். அம்மாவுடைய பாதி, என்னுடைய ஆறிலொன்று, இரண்டும் நன்கொடையாய்த் தங்கச்சிக்கு. அவர் மூச்சுக்கு நின்று நின்று வாசித்தார். கிழக்கே வழி, மேற்கே வாவி, வடக்கே இன்னாரின் வளவு, தெற்கே இன்னாரின் வளவு, இந்த எல்லைக்குட்பட்ட காணியிலும் அதிலுள்ள வீடு, கிணறு, தென்னைகள் மற்றும் சகல ஆதனங்களிலும், முதலாம் எதிர்மனுதாரருக்குரிய பிரிபடாத ஆறிலொரு பங்கு நீங்கலாக…

“ஐயா, அதில ஒருக்கா நில்லுங்க” என்றாள் அம்மா. “அந்த ஆறிலொண்டு எந்தப் பக்கம்?”

“எந்தப் பக்கமெண்டா?”

“அவன்ட பங்கு. கிணத்தடியா, வாவிப் பக்கமா, வடக்கறையா? அடையாளம் தெரிஞ்சா நாங்க அதத் தொடாம இரிப்பம்.”

அவர் தாளை மேசையில் வைத்தார். “அதுதான் புள்ள பிரிபடாத பங்கு எண்டு போட்டிரிக்கு. அவருக்கெண்டு ஒரு பக்கம் இல்ல. முற்றத்தில ஒரு பிடி மண் அள்ளினா அந்தப் பிடியில அவர்ட பங்கிரிக்கு. ஒரு தேங்காய் விழுந்தா அதில இரிக்கு. சுவர்ல எந்தக் கல்லத் தொட்டாலும் அதில இரிக்கு. வேலி போட ஏலாது. பிரிக்கிறதெண்டா அவரே வந்து கேக்கவேணும்.”

“அவனே வந்து கேக்கவேணும்” என்று அம்மா திருப்பிச் சொன்னாள்.

“ஓம். அதுவரைக்கும் எல்லாத்திலயும் இரிக்கு.”

அம்மா பேனையை வாங்கினாள். மெல்ல, ஒவ்வொரு எழுத்தாய்க் கையெழுத்து வைத்தாள்.

அந்தப் பங்கு இன்றைக்கும் அப்படியேதான் நிற்கிறது. சண்டை முடிந்தது, அம்மா போய்விட்டாள், பிறக்கிராசியாரின் கந்தோர் இருந்த இடத்தில் தொலைபேசி விற்கிறார்கள். தங்கச்சியின் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். மச்சான் சுவரில் ஆணி அடித்தால் தங்கச்சி இப்போதும் பகிடி விடுவாள்: “பாத்து அடியுங்க, பங்குக்காரனிட்டக் கேட்டீங்களா?” யாரும் அதைத் தீர்க்கச் சொல்லிக் கோட்டுக்குப் போகவில்லை.

உறுதி எழுதிவிட்டு வந்த அன்றைக்கு அம்மா சோறுகூடத் தின்னவில்லை. திறப்பை எடுத்து வடக்கறையைத் திறந்தாள். வெள்ளிக்கிழமை இல்லை. யன்னல்கள் இரண்டையும் தள்ளி விரித்தாள். கட்டிலை இழுக்கத் தொடங்கினாள்.

தங்கச்சி ஓடிவந்தாள். “அம்மா, என்ன செய்றீங்க? பெரியண்ணாட அறை…”

“அவனுக்கெண்டு ஒரு அறை இல்ல. ஐயா சொன்னது கேக்கல்லையா உனக்கு?” கட்டிலின் மறுதலையைக் காட்டினாள். “பிடி அந்தப் பக்கம். வாற கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருவாங்க, கலியாணம் முடிச்சு நீயும் மாப்பிள்ளையும் விறாந்தையிலயா படுக்கப்போறீங்க?”

தங்கச்சி கட்டிலைப் பிடிக்கவில்லை. வாசற்படியில் அப்படியே குந்தி, முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டாள். அம்மா போய் அவளுடைய தலையில் கையை வைத்துவிட்டு, திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டாள். நான் மறுதலையைப் பிடித்தேன். கல் அரிந்த அச்சைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் கவிழ்த்து வைத்தேன். தண்ணி அள்ளும்போது வாளியை வைக்க அது நல்ல உயரமாய் இருந்தது.

ஆணியில் கிடந்த அண்ணனின் சேட்டை அம்மா எடுத்தாள். முகர்ந்து பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. தண்ணீரில் முக்கி, சவர்க்காரம் போட்டு, கும்மி, பிழிந்து, உதறி, முற்றத்துக் கொடியில் போட்டாள். ஒருபக்கம் என்னுடைய சாரன். மறுபக்கம் தங்கச்சியின் பாவாடையும் தாவணியும். வாவிக் காற்றில் எல்லாம் ஒன்றுசேர்ந்து அடித்துக்கொண்டன.

பின்னேரம் மழைக் குணம் தெரிந்தது. அம்மா முற்றத்துக்கு இறங்கி, கொடியில் கிடந்த எல்லாவற்றையும் ஒரே அணைப்பாய் அள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.